அலசுத் தொட்டியின் கடைசி இடம்

அந்தச் சலவை ஆலையில் வேலை பார்த்த பெண்களை எங்கே பார்த்தாலும் அடையாளம் சொல்லிவிடலாம். முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை, இடது கையைப் பார்த்தால் போதும். முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே தோல் வெளுத்து, ஆறிய பாலின் மேல் ஆடை சுருங்கியதுபோல் சுருங்கியிருக்கும். கடைக்குப் போனால் வலது கையைத்தான் நீட்டுவார்கள். இடது கை எப்போதும் துணிக்குள் இருக்கும்.

காரணம் ஒரு நீராவிப் பம்பு. ஆஸ்பத்திரிகளிலிருந்தும் விடுதிகளிலிருந்தும் மூட்டை மூட்டையாக வரும் விரிப்புகளை வெளுக்கிற ஆலை அது. கிணற்றுத் தண்ணீரை மேல்தொட்டிக்கு ஏற்றும் பம்பு, துணி அலசும் நீளத் தொட்டியின் ஓரத்தில் படுக்கைவாட்டில் கிடந்தது. ஒரு முனையில் நீராவி சிலிண்டர், மறுமுனையில் தண்ணீர் சிலிண்டர். இரண்டையும் இணைத்து ஓர் இரும்புத் தண்டு முன்னும் பின்னும் ஓடும். நீராவி சிலிண்டரை விட்டுத் தண்டு வெளியே வருகிற கழுத்துக்குக் கிளாண்டு என்று பெயர். ஆவி கசியாமல் இருக்க, எண்ணெயில் ஊறிய கயிற்றை அந்தக் கழுத்துக்குள் சுற்றி அடைத்து, மூடிபோட்டு நட்டால் இறுக்கியிருப்பார்கள். அப்படியும் கசிந்தது. தண்டு வெளியே வரும்போதெல்லாம் சீறிக்கொண்டு கொதிநீரைத் தெளித்தது. தெளிப்பு போய் விழுகிற இடத்தில்தான் தொட்டியின் கடைசி ஆள் நிற்க வேண்டும். பெண்கள் அந்தப் பம்புக்கு மாமியார் என்று பெயர் வைத்திருந்தார்கள். காலையில் உள்ளே வரும்போதே, மாமியார் இன்றைக்குக் குளித்தாளா, கோபமாக இருக்கிறாளா என்று விசாரித்துக்கொண்டு வருவார்கள்.

கடைசியாக வேலைக்குச் சேர்ந்தவள் கடைசி இடத்தில் நிற்பாள். அடுத்தவள் வந்து சேரும் வரை அது அவள் இடம். இதை முதலாளி சொல்லவில்லை, எந்தச் சட்டமும் சொல்லவில்லை. பெண்கள் தாங்களாகவே வைத்துக்கொண்ட வழக்கம். ஏன் என்று கேட்டால், "நாங்க நிக்கலையா?" என்பார்கள். உலகத்து அநியாயத்தில் பாதி, முதலாளிமார் கையால் நடப்பதில்லை. இந்த ஒரு கேள்வியின் தோளில் ஏறிக்கொண்டுதான் நடக்கிறது. பட்டவர்களே அடுத்தவரைப் படவைக்கிறார்கள். மேலே இருப்பவனுக்கு விரல் அசைக்கிற வேலைகூட இல்லை.

நான் சொல்ல வந்த பெண்ணுக்கு அங்கே எண்ணெயக்கா என்று பெயர். பம்புக்கு எண்ணெய் விடுவது, கிளாண்டுக்குக் கயிறு மாற்றுவது, நட்டு இறுக்குவது எல்லாம் அவள் பொறுப்பு. புருஷன் இறந்த பிறகு, இடுப்பில் பிள்ளையோடு வந்து சேர்ந்தவள். கடைசி இடத்தில் அவள் நின்ற காலத்தில் புதிதாக யாரும் வராததால், மற்றவர்களைவிட நெடுநாள் நின்றாள். வலியில் அழுதால் பக்கத்தில் நிற்பவளுக்குச் சங்கடமாக இருக்குமே என்று, அலசுகிற விரிப்பில் முகத்தைத் துடைப்பதுபோல் துடைத்துக்கொள்வாளாம். பிறகு எண்ணெய்க் குவளை அவள் கைக்கு வந்தது. அதற்குக் காரணம் அவள் கைப்பலம். ஆவி சீறும்போது ஸ்பானரைப் போட்டு ஒரே இழுப்பில் நட்டை இறுக்கிவிடுவாள். சீற்றம் அடங்கும். அரைநாள் கழித்து மறுபடி சீறும். மறுபடி இறுக்குவாள். "எண்ணெயக்கா ஒரு பிடி பிடிச்சா ஆவிக்கே மூச்சு முட்டும்" என்று ஆலையில் ஒரு பேச்சு உண்டு. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

இடுப்பில் வந்த பிள்ளை வளர்ந்து, அதே ஆலையின் துணிவண்டியை ஓட்டினான். அவனுக்குக் கல்யாணம் ஆகி மருமகள் வந்தாள். கடைசல் பட்டறைக்காரர் ஒருவரின் மகள். பட்டறையிலேயே வளர்ந்தவள், அளவுகோல் பிடிப்பாள், அரம் போடுவாள், இரும்பு உருளையைத் தடவிப் பார்த்தே எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று சொல்வாள். ஆனால் இரும்பைச் சுழற்றிக் கடையும் கடைசல் இயந்திரத்தில் மட்டும் அப்பா அவளைக் கைவைக்க விட்டதில்லை. நாளைக்கு மாப்பிள்ளை வீட்டில் என்ன சொல்வார்களோ என்பார். இயந்திரம் ஆளின் கையைத்தான் பார்க்கும், ஆணா பெண்ணா என்று பார்க்காது. பார்த்தவர் அப்பாதான்.

எண்ணெயக்காவுக்கு வீட்டில் பேச்சுத் துணை இருந்ததே இல்லை. மகன் நல்லவன்தான்; ஆனால் சாப்பிட்டால் தூங்குவான். மருமகள் வந்த பிறகு அந்த ஒற்றை அறையும் சமையல் மூலையும் கலகலப்பாகிவிட்டன. மாமியார் வேலை விட்டு வந்ததும் மருமகள் வெந்நீர் வைத்துக் கொடுப்பாள். மாமியார் வேண்டாம் என்பாள், பகல் முழுக்க வெந்நீரோடுதானே இருக்கிறேன் என்று. இருவரும் சிரிப்பார்கள். ஒருநாள் பாத்திரம் விளக்கும்போது மருமகள் மாமியாரின் இடது கையைப் பிடித்து, பட்டறையில் இரும்பைத் தடவுவதுபோல், விரலால் மெல்லத் தடவிப் பார்த்தாள். எண்ணெயக்கா கையை இழுத்துக்கொள்ளவில்லை. அந்தக் கையை இன்னொருவர் தொட்டு எத்தனையோ காலமாகியிருந்தது.

அடுத்த மாதம் ஆலையில் ஓர் இடம் காலியாவதாகச் செய்தி வந்தது. மருமகள், நான் போகிறேன் என்றாள். மகனும் சரி என்றான். எண்ணெயக்காவுக்கு மட்டும் சோறு இறங்கவில்லை. அவள் எண்ணெய்க் குவளை ஏந்திய பிறகு எத்தனையோ பெண்கள் அந்த இடத்தில் நின்று வெந்திருக்கிறார்கள். அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். தன் வீட்டுப் பெண் என்று வந்ததும்தான் அந்த இடம் கண்ணில் குத்தியது. இதில் அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மனிதர்களின் இரக்கம் பெரும்பாலும் வீட்டு வாசலில்தான் தொடங்குகிறது. அங்கேயே நின்றுவிடாமல் இருந்தால் சரி.

முதலில் மேற்பார்வையாளரிடம் போனாள். மணிக்கட்டுக் கடிகாரத்தைப் பார்க்காமல் அவரால் ஒரு வாக்கியம் பேச முடியாது. அதனால் அவருக்குக் கடிகாரம் என்றே பெயர். யார் எங்கே நிற்பது என்பது பெண்கள் ஏற்பாடு, அதில் நிர்வாகம் தலையிடாது என்றார். அதைச் சொல்ல இரண்டு முறை மணி பார்த்தார். பிறகு துணி மடிக்கும் பகுதியில் இருக்கும் பெரியக்காவிடம் போனாள். ஆலையில் மூத்தவள் அவள்தான். அவள் சொன்னால் மற்றவர்கள் மறுபேச்சுப் பேச மாட்டார்கள். பெரியக்கா மடித்த விரிப்பை அடுக்கிவிட்டு நிமிர்ந்தாள்.

"எங்க வீட்டுப் பொண்ணுங்க நின்னப்போ எங்கடி இருந்த நீ? உன் மருமகளுன்னா மட்டும் தோல் மெல்லிசா?"

கேள்வி நியாயமானது. எண்ணெயக்கா தலையைக் குனிந்துகொண்டு பம்புப் பக்கம் போய்விட்டாள். மாலைக்குள் ஆலை முழுக்கப் பேச்சு பரவியது. அவளைக் கண்டால் பேச்சை நிறுத்தினார்கள். மாமியாரே ஒரு மாமியாருக்குப் பயப்படுகிறாள் என்று ஒருத்தி சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள்.

துணிவண்டியோடு செய்தி வீட்டுக்கும் வந்துவிட்டது. மருமகள் கோபப்பட்டது அந்த வீட்டில் அன்றுதான் முதல் தடவை.

"எனக்காக ஏன் அத்தை போய்க் கேட்டீங்க? நாளைக்கு அவங்களோடதானே நான் வேலை செய்யணும். கை வெந்தா ஆறிடும். மாமியார் செல்லம்னு பேர் எடுத்தா ஆறாது."

"வெந்த கையோட பிள்ளையைத் தூக்கிப் பாரு, அப்பத் தெரியும்."

"நீங்க தூக்கலையா?"

இந்தக் கேள்வியை எண்ணெயக்கா வாழ்நாள் முழுக்கப் பிறர் வாயிலிருந்து கேட்டிருக்கிறாள், பிறரைப் பார்த்துத் தானும் கேட்டிருக்கிறாள். தன் வீட்டிலேயே, இத்தனை பிரியமான வாயிலிருந்து அது வரும் என்று நினைக்கவில்லை. எழுந்துபோய் விளக்கிய பாத்திரங்களையே மறுபடி விளக்கினாள்.

மருமகள் வேலையில் சேர்ந்தாள். கடைசி இடத்தில் நின்றாள். எண்ணெயக்கா அன்று கிளாண்டை ஆனமட்டும் இறுக்கினாள். ஸ்பானரின் மேல் காலை வைத்தும் மிதித்தாள். தண்டு சூடேறிக் கயிறு கருகும் வாடை வந்தது. மதியத்துக்கு மேல், இதுவரை இல்லாத மூர்க்கத்தோடு சீறியது. மருமகள் உதட்டைக் கடித்துக்கொண்டு அலசினாள். வேலை முடிந்தபோது கையில் கொப்புளங்கள் வரிசையாக எழும்பியிருந்தன. மற்றப் பெண்கள் வந்து பார்த்து, அவளைத் தோளில் தட்டிக்கொடுத்தார்கள். அன்பாகத்தான் தட்டினார்கள். அந்த அன்பைப் பார்க்கப் பொறுக்காமல் எண்ணெயக்கா கிளாண்டுப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கருகிய கயிற்றைக் கழற்றி அவள் வீசப் போனபோது, மருமகள் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வளையமாக இருந்த கயிறு மேல்பக்கம் புதிதுபோல் இருந்தது. அடிப்பக்கம் நாராகத் தேய்ந்திருந்தது. எப்போதும் இப்படித்தான் தேயுமா என்று கேட்டாள். எப்போதும் இப்படித்தான் என்றாள் மாமியார்.

வீட்டுக்கு வந்ததும் மருமகள் பெரிய டம்ளர் ஒன்றை எடுத்துத் தரையில் படுக்கவைத்தாள். அதற்குள் ஒரு சின்ன டம்ளரை நுழைத்தாள். சின்னது பெரியதின் அடிப்பக்கத்தில் படிந்து கிடந்தது. மேலே இடைவெளி தெரிந்தது. சிலிண்டருக்குள், தண்டின் முனையில் ஓடுகிற பிஸ்டனும் இப்படித்தான் கிடக்கிறது என்றாள். சிலிண்டரை நிமிர்த்தி வைத்தால் எடை எந்தப் பக்கமும் சாயாது. படுக்கவைத்தால் பிஸ்டனின் பாரம் முழுக்க அடிச்சுவரில்தான். வருஷக்கணக்கில் முன்னும் பின்னும் ஓடி அடியைத் தேய்த்துவிட்டது. பிஸ்டன் இறங்கிவிட்டது, அதோடு தண்டும் இறங்கி, கழுத்துத் துளையின் அடிப்பக்கத்தை அழுத்துகிறது. கயிறு அங்கேதான் அரைபடுகிறது. எத்தனை கயிறு மாற்றினாலும் இதுதான் நடக்கும்.

"இறுக்கினா?" என்று கேட்டாள் எண்ணெயக்கா.

மருமகள் டம்ளர்களை எடுத்து வைத்தாள். பிறகு, இறுக்கினால் உராய்வு அதிகமாகி இன்னும் சீக்கிரம் தேயும் என்று, கீழே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

எண்ணெயக்கா தன் வலது கையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். ஊரே மெச்சிய கை. மருமகள் அருகில் வந்து அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். யாருக்கும் தெரியாத ஒன்றை நீங்கள் மட்டும் எப்படித் தெரிந்துகொண்டிருக்க முடியும் என்றாள்.

மகள் சொல்லியனுப்பியதும், விடுமுறை நாளில் சம்பந்தி தன் கருவிப் பெட்டியோடு ஆலைக்கு வந்து சிலிண்டரைத் திறந்தார். மகள் சொன்னது சரியாகவே இருந்தது. உள்ளே விரலைவிட்டால் அடிப்பக்கப் பள்ளம் நகத்தில் தட்டியது. சிலிண்டரைக் கழற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோய், உட்சுவரை வட்டமாகக் கடைந்து, அதற்கேற்பப் பெரிய பிஸ்டனும் புதிய வளையங்களும் போட வேண்டும் என்றார். ஆனால் அதோடு விட்டால் கொஞ்ச காலத்தில் அடி மறுபடி தேயும். அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார். பிஸ்டனுக்குப் பின்பக்கமும் தண்டை நீட்டி, சிலிண்டரின் பின்மூடி வழியாக வெளியே கொண்டுவந்து, அங்கே ஒரு தாங்கி வைத்துவிட்டால், இரண்டு பக்கமும் தோள் கொடுத்ததுபோல் பிஸ்டன் நடுவில் நிற்கும்; சுவரில் படுக்காது. அப்போது பின்பக்கமும் ஒரு கிளாண்டு வருமே, அதுவும் கசியாதா என்று மகள் மடக்கினாள். தண்டு தொங்காதவரை கயிறு ஒரே சீராகத் தேயும், பெரிதாகக் கசியாது. கசிந்தாலும் அந்தப் பக்கம் சுவர்தான் இருக்கிறது, சுவருக்குக் கை கிடையாது என்றார்.

எல்லாம் முடிய ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அதுவரை தண்ணீர்? கிணற்றடியில் அவசரத்துக்கென்று ஒரு கைப்பம்பு இருந்தது. பெண்கள் முறைபோட்டு அடித்தால் தொட்டி நிரம்பும். கடிகாரம் கையை விரித்தார். பம்பு ஓடுகிறது, தண்ணீர் ஏறுகிறது, ஓடுகிற பம்பை எதற்கு நிறுத்துவது என்று கேட்டார். பெண்களோ, ஒரு புதுப்பெண்ணின் கைக்காக நாங்கள் எல்லோரும் கை நோக அடிக்க வேண்டுமா என்றார்கள்.

அப்போதுதான் எண்ணெயக்காவுக்கு ஒன்று புரிந்தது. பம்பு கெட்டது என்று அங்கே யாருமே நினைக்கவில்லை. ஒருத்தி மேல் மட்டும் பாரம் விழுகிறவரை, மற்ற எல்லோருக்கும் அது நல்ல பம்பு.

மறுநாள் எண்ணெய்க் குவளையை மருமகள் கையில் திணித்துவிட்டு, கடைசி இடத்தில் தானே போய் நின்றாள். மருமகள் வாதாடிப் பார்த்தாள், பலிக்கவில்லை. பழைய தழும்பின் மேல் புதிய கொதிநீர் விழுந்தது. உணவு வேளையில் எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது எண்ணெயக்கா பேசினாள். அவள் கூட்டத்தில் பேசியதே இல்லை. குரல் தட்டுத் தடுமாறித்தான் வந்தது.

"பெரியக்கா கேட்டது சரிதான். உங்க பொண்ணுங்க நின்னப்போ நான் பார்த்துக்கிட்டுதான் இருந்தேன். அது தப்பு. அதுக்காக இந்தத் தப்பு நடந்துக்கிட்டே இருக்கணுமா? இனிமே அந்த இடம் புதுசா வந்தவ இடம் இல்ல. ஆளுக்கு ஒரு நாள் நிப்போம். இன்னைக்கு நான். நாளைக்கு யாரு?"

ஒருத்தி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். கடைசியில், மருமகள் வருவதற்குமுன் அந்த இடத்தில் நின்ற பெண் எழுந்தாள். ஊமைச்சி என்று மற்றவர்கள் கேலி செய்யும் அளவுக்குப் பேசாதவள். துணிக்கட்டு போட்டிருந்த கையை லேசாகத் தூக்கிக் காட்டினாள்.

"நான் நிக்கிறேன்க்கா. எனக்குத்தான் இன்னும் ஆறலையே. புதுசா என்ன ஆயிடப்போவுது?"

குத்திக்காட்டிச் சொல்லவில்லை, உதவியாகத்தான் சொன்னாள். அதனால்தான் அது எல்லோரையும் சுட்டது. பெரியக்கா சாப்பாட்டுப் பாத்திரத்தை மூடினாள். "உக்காருடி," என்றாள் அவளிடம். "நாளைக்கு நான்."

பெரியக்கா சொன்னபடி மறுநாள் கடைசி இடத்தில் நின்றாள். மடிப்புப் பகுதியில் அவளைக் காணாமல் தேடிக்கொண்டு கடிகாரம் வந்தார். பெரியக்காவைத் தொட்டி ஓரத்தில் பார்த்ததும், இதென்ன புது ஏற்பாடு என்று இடது கையை நீட்டிக் கேட்டார். நீட்டிய இடம் சரியில்லை. தண்டு வெளியே வந்தது, சீறியது. அவர் குதித்த குதியில் தொட்டியின் முதல் இடத்தில் நின்றவள் கையிலிருந்த விரிப்பு தண்ணீரில் விழுந்தது. மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே பார்த்தால், கடிகாரக் கண்ணாடிக்குள் ஆவி படிந்து மணி தெரியவில்லை.

"இப்ப என்ன மணி சார்?" என்று பெரியக்கா பணிவாகக் கேட்டாள்.

அவர் பொல்லாதவர் இல்லை. அந்தக் கொதிநீர் அதுவரை அவர் மேல் பட்டதில்லை, அவ்வளவுதான். மேலே பேசி, வாரக் கடைசிக்குள் அனுமதி வாங்கி வந்தார். வேண்டுகோளும் விளக்கமும் செய்யாததை ஒரு கரண்டி கொதிநீர் செய்தது என்று எண்ணும்போது எனக்குச் சிரிப்பும் வருகிறது, ஆத்திரமும் வருகிறது.

சிலிண்டரை வண்டியில் ஏற்றிப் பட்டறைக்கு அனுப்பினார்கள். பெண்கள் கைப்பம்பு அடித்தார்கள். முனகாமல் அடித்தார்கள் என்று சொன்னால் பொய். ஆனால் அடித்தார்கள். பட்டறையில் சம்பந்திக்கு உதவிக்கு ஆள் இல்லை. சிலிண்டரைக் கடையும்போது பின்தண்டைக் கடைய இன்னொரு கை வேண்டியிருந்தது. எண்ணெயக்கா அவரைப் பார்க்கப் போனாள். உங்கள் மகளையே நிறுத்துங்கள் என்றாள். அவர் வழக்கம்போல, மாப்பிள்ளை வீட்டில் என்ன சொல்வார்கள் என்று இழுத்தார்.

"மாப்பிள்ளை வீட்டுல நான்தான் இருக்கேன், சம்பந்தி," என்றாள் அவள். "நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

அவர் இயந்திரத்தின் முன்னால் இருந்து விலகி வழிவிட்டார். மருமகளின் முறைக்கான கைப்பம்பைத் தானே அடிப்பதாகப் பெரியக்கா சொல்லிவிட்டாள். கட்டுப்போட்ட கையோடு அந்தப் பெண் கடைசல் இயந்திரத்தின் முன் நின்றாள். தண்டிலிருந்து இரும்புச் சுருள் நீளநீளமாக உரிந்து விழுந்தது. அளவு ஒரு மயிரிழை தப்பவில்லை என்று அப்பா சொன்னார். சொல்லிவிட்டு, மூக்குக் கண்ணாடியை நெடுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார்.

பம்பைத் திரும்பப் பூட்டிய அன்று பெண்கள் எல்லோரும் சற்றுத் தள்ளி நின்றார்கள். எண்ணெயக்கா கிளாண்டு நட்டை விரலால் திருகி, ஸ்பானரால் ஒரு சின்னத் திருப்பு மட்டும் கொடுத்தாள். அதற்குமேல் கையை அடக்கிக்கொண்டாள். ஆவி திறக்கப்பட்டது. பிஸ்டன் போனது, வந்தது. முன்பு இருந்த கடகடப்பு இல்லை. அன்றைய முறை மருமகளுடையது; அவள் தொட்டியின் கடைசி இடத்துக்குப் போகக் கிளம்பினாள். எண்ணெயக்கா அவள் தோளைப் பிடித்து நிறுத்திவிட்டு, தான் போய் அங்கே நின்றாள். கையை மூடியிருந்த துணியை மேலே தள்ளி, தழும்பேறிய இடது கையைக் கிளாண்டுக்கு நேரே நீட்டினாள். தண்டு வெளியே வந்தது. கழுத்தில் ஒரே ஒரு துளி எண்ணெய் மினுங்கியது. மறுபடி வந்தது. ஒன்றும் இல்லை.

பெண்கள் ஒவ்வொருவராகத் தங்கள் இடங்களுக்குப் போனார்கள். தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. எண்ணெயக்கா மட்டும் அப்படியே நின்றாள்.

"போதும் அத்தை. கையை எடுங்க. ஒண்ணும் ஆகல."

"இரு கண்ணு," என்றாள் எண்ணெயக்கா. "நீ நிக்கப்போற இடம். இன்னும் கொஞ்சம் பாத்துடறேன்."